மலையேறிய சர்க்கார்

மலைமேல் உட்கார்ந்துகொண்டு சமவெளி வேலையைப் பார்ப்பது இணையம் வந்த பிறகு பிறந்த பழக்கம் என்று இன்று பலரும் எண்ணுகிறார்கள். ஊட்டியில் அது 1834-லேயே நடந்தது. அந்த ஆண்டுக் கோடையில் கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங்க் கல்கத்தாவில் இல்லை, நீலகிரியில் இருந்தார். 1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் அவரை இந்தியா முழுமைக்கும் கவர்னர் ஜெனரல் ஆக்கியிருந்தது. அந்தச் சட்டத்தின்படி அமைந்த ஆலோசனை சபை கூடியது ஊட்டியில்தான். சபையின் சட்ட உறுப்பினராக நியமிக்கப்பட்ட மெக்காலே ஜூன் மாதம் சென்னையில் கப்பலைவிட்டு இறங்கியதும், கல்கத்தாவுக்குப் போகாமல் நேரே ஊட்டிக்கு வரச்சொல்லி உத்தரவு கிடைத்தது. பெங்களூர், மைசூர் வழியாக ஏறக்குறைய நானூறு மைல். அந்தத் தூரம் முழுக்க அவர் வந்தது மனிதர்களின் தோள்மேல், பல்லக்கில். வழியெல்லாம் ஆள் மாற்றி ஆள் சுமந்தார்கள். மழைக்காலம் முழுவதையும் மலையில் கழித்துவிட்டு அதன்பிறகே மெக்காலே கீழே இறங்கினார். இந்தியாவின் சட்டங்களையும் கல்வியையும் மாற்றப்போகிற ஒருவர், இந்த நாட்டில் முதல் மூன்று மாதம் வேலை பார்த்தது இப்படித்தான்.

அந்தத் தோள்களிலிருந்து தொடங்கித்தான் மலைவாச உத்தியோகத்தின் வரலாற்றைப் படிக்கவேண்டும் என்பது என் வாதம். குளிர்ந்த மலையிலிருந்து வேலை செய்கிறவர் தூரத்தை இல்லாமல் ஆக்குவதில்லை. தூரத்தின் பாரத்தை வேறு யாரிடமோ ஒப்படைக்கிறார். ஒரு காலத்தில் அது பல்லக்குத் தூக்குகிறவரிடம் போனது, பிறகு தபால் வண்டிக்காரரிடமும் கீழே தங்கிவிட்ட குமாஸ்தாவிடமும் போனது, எல்லாக் காலத்திலும் அந்த மலையில் முன்பே குடியிருந்தவரிடம் போனது. இந்த ஏற்பாடு நூறாண்டுக்கு மேல் நீடித்ததற்குக் காரணம் குளிர் மட்டுமல்ல. பாரம் சுமந்தவர்கள் கேள்வி கேட்க வழியில்லாமல் இருந்ததும்தான். கேள்வி கேட்க முடிந்த காலம் வந்தபோது சர்க்கார் கீழே இறங்கியது. இறங்கி எங்கே வந்து தங்கியது என்பதற்குத் தென்டெல்லியின் முனிர்கா ஒரு நல்ல சாட்சி. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஊட்டி உருவான விதத்தை முதலில் பார்க்கலாம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். 1820-களின் தொடக்கத்தில் அவர் கட்டிய கல் பங்களாதான் ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடு. அதற்கான நிலத்தை மலையின் மேய்ச்சல் குடிகளான தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் வாங்கினார். ஏரியை உண்டாக்கியவரும் அவரே. ஆனால் சல்லிவனை வெறும் நிலம் பிடித்தவராக எழுதிவிட்டுப் போவது நியாயமாகாது. அந்த மேய்ச்சல் நிலங்கள் தோடர்களுக்கு உரியவை, எடுத்துக்கொண்டால் ஈடு தரவேண்டும் என்று தன் சொந்த அரசாங்கத்துடனேயே பல ஆண்டு வழக்காடியவரும் அவர்தான். கவர்னர் லஷிங்டன் 1827-இல் பதவிக்கு வந்தபின் ஊட்டியை ஐரோப்பியப் படையினர் உடல் தேறும் இடமாக்குவதே முதல் நோக்கமாயிற்று, அடுத்த ஆண்டே நிர்வாகம் ராணுவ அதிகாரியிடம் போனது. தோடர்களின் உரிமை பற்றிய வாதம் காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே மலையில் பங்களாக்கள் எழும்பிவிட்டன. வெள்ளையர் நோய் தீர வந்த இடம், பின்பு நோயில்லாதவர்களும் வேலை பார்க்க வருகிற இடமாயிற்று.

1870-களிலிருந்து சென்னை அரசாங்கம் கோடையில் மலையேறுவது வழக்கமாகவே ஆனது. கவர்னர், ஆலோசனை சபை உறுப்பினர்கள், செயலாளர்கள், அவர்களோடு தேர்ந்தெடுத்த குமாஸ்தாக்கள், டவாலிச் சேவகர்கள் என ஒரு பகுதி மட்டுமே போனது. உயர்நீதிமன்றமும் அலுவலகங்களின் பெரும்பகுதியும் சென்னையிலேயே இருந்தன. அதனால் ஒரு கோப்பு இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் ஓடவேண்டியதாயிற்று. அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கவேண்டும். சென்னைக் கோட்டையில் ஒரு குமாஸ்தா குறிப்பெழுதி, முன்கோப்புகளை அடுக்கி, நாடா கட்டி அனுப்புகிறார். 1873-இல் மேட்டுப்பாளையம்வரை ரயில் வந்துவிட்டது, அதுவரை சிரமமில்லை. அங்கிருந்து குன்னூர் மலைப்பாதை. மாட்டுவண்டி, குதிரை பூட்டிய டோங்கா, மழைக்காலத்தில் மண்சரிவு. மேலே போய்ச் சேர்ந்த கோப்பில் செயலாளருக்கு ஒரு ஐயம் வந்து, ‘இதற்கு முந்தைய உத்தரவு எங்கே’ என்று கேட்டால், அந்த உத்தரவு கோட்டையின் பதிவறையில் இருக்கும். கோப்பு மறுபடி மலையிறங்கும். பல்சக்கர ரயில் குன்னூருக்கு வந்தது 1899-இல், ஊட்டியை எட்டியது 1908-இல். இன்று உலகமே வந்து பார்க்கிற அந்த ரயில் வருவதற்கு முன்பே, நிர்வாகம் ஒரு தலைமுறைக்கு மேலாக மலையிலும் கீழிலுமாகப் பிரிந்து நடந்துகொண்டிருந்தது.

இந்தப் பிரிவுக்குக் கொடுத்த விலையைத் தாதுவருஷப் பஞ்சத்தில் பார்க்கலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. ஊட்டியில் கவர்னருக்கு மாளிகை எழுந்ததும் அவர் ஆட்சியில்தான். வைஸ்ராய் லிட்டன் இருந்தது சிம்லாவில். நிவாரண வேலைக்கு வருகிறவருக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவுமே போதும் என்ற கூலி அளவு 1877-இல் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வழியாக வந்தது. லிட்டன் சென்னைக்கு நேரில் வந்தது அந்த ஆண்டு ஆகஸ்டில், பஞ்சம் முற்றிய பிறகு. இவர்கள் சமவெளியில் இருந்திருந்தால் பஞ்சம் வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அன்றைய வணிகக் கொள்கையும் செலவுக் கணக்குமே பெரும் காரணங்கள், டெம்பிள் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கூலியைச் சொன்னார். கண்ணால் பார்த்தவரும் கல்நெஞ்சராக இருக்க முடியும். ஆனால் கல்நெஞ்சத்துக்கு மலை துணை செய்தது. கீழே ஒரு கலெக்டர் கூலி போதவில்லை என்று எழுதினால், அது மேலே போய்ச் சேரும்போது பல காகிதங்களில் ஒன்றாகத்தான் சேர்ந்தது.

அப்போதே இந்த மலைவாச ஆட்சியை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். 1878-இல் தொடங்கிய ‘தி இந்து’ போன்ற இந்தியப் பத்திரிகைகள் ஆண்டில் பாதியை மலையில் கழிக்கிற அரசாங்கத்தை விடாமல் கண்டித்தன. இந்தியர் மட்டுமல்ல, சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்த ஐரோப்பிய வணிகர்களும் எதிர்த்தார்கள். அதிகாரியை நேரில் பார்த்து முடிக்கிற வேலை அவர்களுக்கும் தடைப்பட்டது. ஆட்சியின் பக்கத்தில் இதற்கு ஒரு பதில் இருந்தது, அது எளிதில் தள்ளிவிடக்கூடிய பதிலும் அல்ல. 1864-இல் சிம்லாவைக் கோடைத் தலைநகராக நிலைநாட்டிய வைஸ்ராய் ஜான் லாரன்ஸ், கல்கத்தாவில் ஐந்து நாளில் செய்கிற வேலையைவிட மலையில் ஒரு நாளில் அதிகம் செய்யலாம் என்று வாதிட்டார். வெயிலில் மூளை சோர்வது உண்மை. காலராவும் மலேரியாவும் ஐரோப்பியரைக் கொன்றதும் உண்மை. கொடைக்கானலில் 1845-இல் மதுரை அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டியது சொகுசுக்காக அல்ல, அவர்கள் குடும்பங்களில் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் லாரன்ஸின் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. மேலே ஒருவர் ஒரு நாளில் செய்து முடித்த வேலைக்காகக் கீழே எத்தனை பேர் கூடுதலாக எழுதினார்கள், வழியில் எத்தனை பேர் சுமந்தார்கள் என்பதை அதில் சேர்க்கவில்லை. வெயில் எல்லோருக்கும் பொதுவாக இருக்க, வெயிலிலிருந்து விடுதலை ஒரு பதவிக்கு உரிய சலுகையானது.

சிம்லாவில் அந்தச் சுமை இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. சுற்றியிருந்த மலை ராஜ்யங்களில் பேகார் என்ற கட்டாய உழைப்பு நடைமுறையில் இருந்தது. மூட்டை தூக்க, பாதை போட, பெரிய அதிகாரி வந்தால் ஏவல் செய்ய, கிராமத்தார் கூலியில்லாமலோ அற்பக் கூலிக்கோ வரவேண்டும். அந்த மலையில் குடியேறி ஆப்பிள் பயிரிட்ட அமெரிக்கர் சாமுவேல் ஸ்டோக்ஸ் கிராமத்தாரோடு சேர்ந்து இதை எதிர்த்துப் போராடினார், 1921-இல் வெற்றியும் கண்டார். அதே ஆண்டு வைஸ்ராய் ரீடிங்கைச் சந்திக்க காந்தி சிம்லாவுக்குப் போனார். திரும்பிவந்து, மலையுச்சியில் நடக்கும் அந்த ஆட்சியை ஐந்நூறாவது மாடியில் கடை விரித்திருக்கும் வியாபாரியோடு ஒப்பிட்டு எழுதினார். அடிமாடியில் நிற்கும் வாடிக்கையாளர் அத்தனை படி ஏறிப்போய்த் தன் குறையைச் சொல்லமுடியுமா என்பது அவர் கேள்வி. மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாக்களும் அவர் மனத்தை உறுத்தின. மலைவாச ஆட்சியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இவ்வளவு குறி தவறாத விமர்சனம் வேறு இல்லை என்பேன். ஆடம்பரத்தைக் குறை சொல்வது எளிது. காந்தி தொட்டது அதை அல்ல, எட்டமுடியாமையை.

முனிர்கா இந்தக் கதைக்குள் வருவதும் சிம்லா வழியாகத்தான். 1911-இல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்ற முடிவானபோது, டெல்லிக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்களில் சிம்லாவுக்கு அருகில் என்பதும் ஒன்று. ஆண்டுதோறும் ஏறி இறங்கும் செலவு குறையும். ஆக டெல்லி தலைநகராவதற்கும் மலை ஒரு காரணம். 1912-க்குப் பிறகும் மத்திய அரசு டெல்லியில் இருந்தது குளிர்காலத்தில், ஆண்டில் பாதிக்கும் குறைவாக. ஏப்ரல் வந்தால் பெட்டி பெட்டியாகக் கோப்புகள் கல்காவுக்குப் போய் 1903-இல் போட்ட சிறு ரயிலில் மலையேறும். அவற்றோடு குமாஸ்தாக்களின் குடும்பங்கள், பாத்திரம் பண்டம், படிக்கிற பிள்ளைகள். பிள்ளைகள் போனதால் பள்ளிக்கூடமும் போனது. ஹார்கோர்ட் பட்லர் பள்ளி இப்படி டெல்லிக்கும் சிம்லாவுக்குமாக இடம் மாறிக்கொண்டே நடந்த பள்ளி. மத்திய அரசின் தணிக்கை, நிதி, ரயில்வே அலுவலகங்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் தெரிந்த தமிழர்களும் மற்றத் தென்னிந்தியர்களும் வந்து சேர்ந்தது இந்தக் காலத்தில்தான். இன்றைய டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-இல் மதராஸிகளின் கல்விச் சங்கமாகத் தொடங்கியது அவர்கள் பிள்ளைகளுக்காகவே. தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் பிறந்தவர்களின் குடும்ப நாட்காட்டியை வைஸ்ராயின் உடல் சௌகரியம் தீர்மானித்த காலம் அது.

இரண்டாம் உலகப்போர் இந்த ஏற்றத்தை நிறுத்தியது. போரை நடத்தும் அலுவலகங்கள் ஆண்டு முழுவதும் டெல்லியில் இருந்தாக வேண்டும், ஆட்கள் பல மடங்கு பெருகிவிட்டார்கள், அத்தனை பேருக்கும் சிம்லாவில் இடமில்லை. அந்தக் கோடைகள் சாதாரணமானவை அல்ல. டெல்லி சப்தர்ஜங் நிலையத்தில் 1944 மே 29 அன்று பதிவான 47.2 டிகிரி வெப்பத்தை அதன்பின் வந்த எந்தக் கோடையும் அங்கே தாண்டவில்லை. அதைத் தாங்கிக்கொண்டும் அலுவலகங்கள் நடந்தன. வெயிலில் ஆட்சி நடத்தவே முடியாது என்று எண்பது ஆண்டு சொல்லிவந்த வாதம் அந்தச் சில கோடைகளில் பொய்த்துப்போனது. சுதந்திரத்துக்குப் பிறகு, தேர்தலில் நிற்கவேண்டிய அமைச்சர்கள் பாதி ஆண்டு மலையில் இருக்கமுடியாது என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே விளங்கிவிட்டது.

இறங்கிய சர்க்காருக்கு நிலம் வேண்டியிருந்தது. 1950-களின் இறுதியிலிருந்து மத்திய அரசு ஊழியர்களுக்காக ராமகிருஷ்ணபுரம் எழுந்தது. அதையடுத்து அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக வசந்த் விகார், 1969-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். இவற்றுக்கெல்லாம் போனது முனிர்காவும் அக்கம்பக்கத்துக் கிராமங்களும் உழுத, மாடு மேய்த்த நிலம். தோகஸ் கோத்திரத்து ஜாட் குடும்பங்களிடம் மிஞ்சியது வீடுகள் இருந்த ஊர்நத்தம் மட்டும். பயிரிட நிலம் இல்லாததால் வீட்டின்மேல் வீடு கட்டி வாடகையைப் பயிராக்கினார்கள். நீலகிரியின் தோடர் மேய்ச்சல் வெளியும் ஆரவல்லிப் பாறையோரத்து முனிர்கா வயலும் ஒன்றல்ல. இங்கே சட்டப்படி கையகப்படுத்தினார்கள், ஈட்டுத்தொகை கொடுத்தார்கள், ஊர்க்காரர்களுக்கு வாக்குரிமையும் இருந்தது. ஆனாலும் அலுவலகம் எங்கே போய் உட்கார்ந்தாலும் யாரோ ஒருவருடைய நிலத்தில்தான் உட்காருகிறது என்ற உண்மை இரண்டு இடத்துக்கும் பொது. குவார்ட்டர்ஸில் குடியேறிய தமிழர்கள் இந்த நிலத்தில் வேரூன்றினார்கள். 1946-இல் பிறந்த டெல்லித் தமிழ்ச் சங்கம் ராமகிருஷ்ணபுரத்தில் தன் கட்டடத்தை எழுப்பியது. முனிர்காவுக்கு எதிரே இருந்த சிறு பாறைக்குன்றில் சுவாமிநாத சுவாமிக்குக் கோயில் கட்டி 1973 ஜூனில் குடமுழுக்குச் செய்தார்கள். ஊரார் அதை மலை மந்திர் என்கிறார்கள்.

இனி இன்றைக்கு வருவோம். மடிக்கணினியோடு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் மாதக்கணக்கில் வேலை பார்க்கும் ஒரு மென்பொருள்காரரை வைஸ்ராயோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவரிடம் அதிகாரம் இல்லை, அவர் கோப்பை யாரும் சுமப்பதில்லை, தன் வாடகையைத் தானே கொடுக்கிறார், உள்ளூர்க் கடைக்காரருக்கு அவரால் வரவும் உண்டு. பிரிட்டிஷார் காலத்திலும் மலைக்கு லாபமே இல்லை என்று சொல்லமுடியாது. படகர்களின் உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கோஸுக்கும் சந்தை பிறந்தது அப்போதுதான். ஆனால் தனி மனிதரின் குணத்தைப் பற்றியதல்ல என் வாதம். மலையில் ஒரு வீடு வெளியூர் சம்பளத்துக்கு வாடகைக்குப் போனால், உள்ளூர்ச் சம்பளக்காரருக்கு அது எட்டாமல் போகிறது. கோடையில் ஏற்கெனவே லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் தெருவில் ஒரு குடும்பம் கூடுகிறது. நீலகிரியும் கொடைக்கானலும் தாங்கக்கூடிய அளவு என்ன என்ற கேள்வி நீதிமன்றம்வரை போயிற்று. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரு இடங்களுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த ஆண்டுக் கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6000 வாகனங்கள், வார இறுதியில் 8000 என்று வரம்பும் வைத்தார்கள். வரம்பு வாகனத்துக்குத்தான், நீண்டநாள் தங்குகிறவருக்கு அல்ல என்பதையும் கவனிக்கவேண்டும்.

எல்லா இடப்பெயர்ச்சியும் இப்படிப்பட்டதல்ல என்பதற்கு காஷ்மீரைக் காட்டுவார்கள். 1872-இல் மகாராஜா ரண்பீர் சிங் தொடங்கிய தர்பார் மாற்றத்தில், கோடையில் ஸ்ரீநகர், குளிரில் ஜம்மு என்று அரசே இடம் பெயரும். கோப்புகள் மின்மயமாகிவிட்டன, இனி தேவையில்லை என்று 2021-இல் அதை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு வருந்தியவர்கள் அதிகாரிகள் மட்டுமல்ல, ஜம்முவின் கடைக்காரர்கள். காஷ்மீரிக் குடும்பங்கள் குளிர்காலத்தில் வந்து தங்கிச் செலவழித்ததும், இரு பகுதி மக்களும் கலந்து பழகியதும் போய்விட்டது என்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு 2025-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்த எடுத்துக்காட்டு என் வாதத்தை உடைப்பதாக நான் நினைக்கவில்லை. அங்கே அரசு ஒரு மக்களைவிட்டு இன்னொரு மக்களிடம் போகிறது, ஆறு மாதத்தில் திரும்பியும் வருகிறது. வரச்சொல்லிக் கேட்டவர்களே கீழே இருந்தவர்கள். ஊட்டிக்குக் கவர்னர் போகவேண்டும் என்று சென்னையில் மனு எழுதிக் கேட்ட பொதுமக்கள் யாரும் இல்லை.

மலைக்குப் போகிறவரைத் தடுக்கவேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் மலைக்குப் போவதே வெயிலுக்கு விடையாகிவிட்டால், போகமுடியாதவர் வேலை செய்யும் இடத்தைப் பற்றி யோசிக்க ஆளிருக்காது. மே மாதத்து முனிர்கா சந்தில் மாடிமேல் மாடியாக நிற்கும் கட்டடத்தின் உச்சி அறையில், சன்னலில் செருகிய கூலர் அனல் காற்றை ஈரப்படுத்தித் தள்ளுகிறது. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மோட்டார் ஓடும் நேரத்துக்குக் காத்திருக்கவேண்டும், அதன் மரச்சீவல் தட்டி காய்ந்துவிட்டால் வெறும் மின்விசிறிதான். அந்த அறையில் மடிக்கணினியோடு ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர் ஐந்து மாடி ஏறி வருகிறார். சிம்லாவில் இருந்த அரசுக்கு இவர்கள் இருவருடைய வெயிலும் ஒரு பிரச்சினையாகவே பட்டிருக்காது. வெயிலை நிர்வாகத்தின் பொறுப்பாக ஏற்றுத் திட்டம் போட்டது வெயிலிலேயே இருந்த ஊர்கள்தான். 2010-இல் கடும் வெப்ப அலையில் பலரை இழந்த ஆமதாபாத், 2013-இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. 2024 மே இறுதியில் சப்தர்ஜங்கில் வெப்பம் 46 டிகிரியைத் தாண்டியபோது, கட்டுமானத் தொழிலாளருக்குப் பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை சம்பளத்தோடு ஓய்வு தரவேண்டும் என்று டெல்லி துணைநிலை ஆளுநர் உத்தரவிட்டார். அந்த உத்தரவு பிறந்தது ஆளுநர் மாளிகையான ராஜ் நிவாஸில், அதே வெயில் காய்ந்த டெல்லியில். சாப்பாடு கொண்டுவருகிறவர் அதில் இன்னும் சேரவில்லை.